ஈட்டிமுனையோ, வெறுங்கல்லோ?

அறுகம்பேயைச் சேர்ந்த மாணவர் ஒருவர், விடுமுறை கழிந்து திரும்பியதும் பிஸ்கற் தகரம் ஒன்றை நம் மேசைமீது வைத்தார். உள்ளே இருபது கற்கள். பெரும்பாலும் வெண்படிகக் கற்கள். "சேர், இவை பழங்கால வேடரின் ஈட்டிமுனைகள்தாமே?" என்றார். அவரை மகிழ்விக்கப் பொய் கூறவும் மனம் வரவில்லை. ஆராயாது மறுக்கவும் மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்திற் பார்த்தோம்.

கூர்மை ஒன்றே சான்றாகாது. ஆற்றிலும் அலையிலும் மோதுண்ட கல்லும் கூராகும். சல்லி உடைப்போரின் சுத்தியலும் கூரிய சில்லுகளைத் தெறிக்கச் செய்யும். மனிதன் கருவியாக்கிய கல்லிலோ ஓர் ஒழுங்கு தென்படும். அடி விழுந்த இடம் சிறு தட்டையாக இருக்கும். அதன் கீழே கல் சற்றுப் புடைத்திருக்கும். விளிம்பிலே சிறு செதில்கள் வரிசையாகப் பெயர்க்கப்பட்ட தழும்புகள் காணப்படும். படிகக்கல் தாறுமாறாக உடையும் இயல்பினதாதலின், இவ்வடையாளங்கள் அதில் மங்கலாகவே தெரியும், கைதேர்ந்தோரும் தடுமாறுவர். மேலும், இலங்கையிற் கிடைக்கும் நுண்கற்கருவிகள் பல விரல் நுனியளவே ஆனவை. பிறை, முக்கோணம் போன்ற வடிவின. அவற்றை அம்பு முதலியவற்றிற் பொருத்திய அலகுகளென அறிஞர் பலர் கருதுவர்.

இருபதில் இரண்டு கற்கள் நம் கையை நிறுத்தின. அவற்றின் விளிம்புத் தழும்புகள் தற்செயலாகத் தோன்றவில்லை. "இவை எங்கே கிடைத்தன?" என்று வினவினோம். பாணமை வீதியோரமா, பொத்துவில் மணல்மேடா, அயல்வீட்டில் இறக்கிய சல்லிக் குவியலா என்பது அவருக்கே நினைவில்லை. யாவற்றையும் கழுவி ஒன்றாய்க் கலந்துவிட்டாராம்.

இடம் தெரிந்தால் என்ன பயன் என்பீர்களாயின், நம் மாவட்டத்துக்கு நீர் தரும் கல்லோயாவின் மேற்பகுதியிலே விடை உண்டு. சுவிற்சர்லாந்தினரான போல் சரசின், பிரிற்ஸ் சரசின் என்னும் இருவர் 1907ஆம் ஆண்டில் நீல்கலைக் குகையை அகழ்ந்தனர். மண்ணினுள் கற்கருவிகளோடு விலங்கெலும்புகளும் கிடைத்தமையால், அங்கே வேட்டையாடி வாழ்ந்த மக்களின் வாழ்வு புலனாயிற்று. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையிற் கிடைத்த எலும்பு அம்புமுனைகள் சுமார் 48,000 ஆண்டுகள் பழமையானவை என ஆய்வாளர் 2020இல் வெளியிட்டனர். எந்த மண்ணடுக்கிற் கிடந்தன என்பது தெரிந்தமையாலன்றோ அக்காலத்தைக் கூற முடிந்தது!

ஆதலின், மாணவர்களே, ஐயத்துக்குரிய கல்லைக் கண்டால் உடனே எடுத்துவிடாதீர்கள். அருகே ஒரு நாணயத்தை வைத்துப் படம் பிடியுங்கள். இடத்தையும் நாளையும் குறியுங்கள். தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மண்வெட்டி கொண்டு தோண்ட எண்ணவே வேண்டாம். அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருள் தேடி அகழ்வதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு அவ்விரு கற்களையும் தாளில் மடித்து, மேலே தம் கையாலேயே எழுதினார்: "இடம் தெரியாது." அவ்விரு சொற்களையும் எழுத நேர்ந்ததே அவருக்குப் பெரும் வருத்தம். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் குறிப்புப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டார்.