நம் கவிதையில் பிணம் அழுகுவதில்லை

நம் புதுக்கவிதையில் பிணங்களுக்குக் குறைவில்லை. நகரம் பிணம், மொழி பிணம், ஆபீஸ் போகிறவன் நடைப்பிணம். எந்தச் சிறுபத்திரிகையை எடுத்துப் புரட்டினாலும் பத்துப் பக்கத்துக்கு ஒன்று கிடைக்கும். கிடைப்பதெல்லாம் ஒரே அச்சு. குளிர்ந்திருக்கும், விறைத்திருக்கும், வெளுத்திருக்கும். இந்த மூன்று அடைமொழிகளும் எந்த ஊரிலிருந்து இறக்குமதியானவை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தஞ்சாவூரில் சித்திரை மாதத்துப் பிற்பகலில் வெளிக்காற்றின் சூடு உடம்புச் சூடான 37 டிகிரியைத் தாண்டிவிடும். அந்நேரம் செத்தவனின் உடம்பு பொழுது சாயும்வரை குளிர நியாயமே இல்லை. விறைப்பு கண்ணிமையிலும் தாடையிலும் தொடங்கிக் கழுத்து, கை, கால் என்று இறங்கும். வந்த வரிசையிலேயே விட்டுப்போகும். நம் கோடையில் இது ஏறக்குறைய ஒரு நாள் சமாசாரம். வெளுப்பும் பாதி நிஜம்தான். இதயம் நின்றதும் ரத்தம் கீழ்ப்பக்கமாக இறங்கித் தேங்கும். மல்லாந்து கிடப்பவனின் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும்.

அதற்கு மேல் நடப்பதை நம் கவிகள் எழுதுவதே இல்லை. வயிற்றின் வலது அடிப்பக்கத்தில், பெருங்குடலின் தொடக்கம் தோலை ஒட்டி வருகிற இடத்தில், முதலில் ஒரு பச்சைத் திட்டு தெரியும். ஆயுள் முழுக்க நம் குடலிலேயே குடியிருந்த பாக்டீரியாக்கள் கிளப்புகிற கந்தக வாயு, ரத்தத்தின் சிவப்போடு சேர்ந்து தருகிற நிறம் அது. பிறகு ரத்தக்குழாய்களின் வழியே மரக்கிளை மாதிரி படரும். வயிறு உப்பும், முகம் வீங்கும், நாக்கு வெளியே தள்ளும், தோல் கழன்று வரும். ஈ சில மணி நேரத்தில் முட்டையிட்டுவிடும், மறுநாள் புழு. கோடையானால் மூன்றாம் நாள் பெற்றவளுக்கே முகம் அடையாளம் தெரியாது. ஜெய்சிங் மோடியின் மருத்துவ நீதியியல் நூல் இந்தியத் தட்பவெப்பத்துக்கென்றே இந்தக் கணக்கைச் சொல்கிறது. நம் கவிகள் படித்தது வேறு புத்தகங்கள். பி.ஏ. இங்கிலீஷில் எனக்கும் அவற்றைத்தான் கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி பெய்கிற ஊரில் நாள்கணக்கில் கெடாமல் கிடக்கிற பிணம் அது. அதை மொழிபெயர்த்துக் கொண்டுவந்து காவிரிக் கரையில் கிடத்திவிட்டோம்.

மரபுக்குத் திரும்பு என்பவர்கள் இங்கே பட்டினத்தாரைக் காட்டுவார்கள். புழுவும் நாற்றமும் அவரிடம் ஏராளம். ஆனால் அது யாருடைய பிணமும் இல்லை. உயிரோடிருக்கிற உடம்பின் மேல், குறிப்பாகப் பெண்ணின் உடம்பின் மேல், வெறுப்பு உண்டாக்க அவர் பிடித்துவைத்த பாடப் பொம்மை. துறவிக்குப் பிணம் ஓர் உபதேச சாதனம் என்றால் நம் நவீனனுக்கு அது ஒரு படிமம். இரண்டு பேருமே அதன் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

உட்கார்ந்த ஒருவர் உண்டு. பட்டினத்தாருக்கு முன்பே, அவருடைய ஊரான காவிரிப்பூம்பட்டினத்தின் சுடுகாட்டை எழுதிய சீத்தலைச் சாத்தனார். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையை எடுத்துப் பாருங்கள். எரிப்பது, வெட்டவெளியில் போட்டுவிட்டு வருவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பது, தாழியால் கவிப்பது என்று ஐந்து வகையாகப் பிரித்துச் சொல்கிறார். செம்பஞ்சு பூசிய காலை நரி கவ்வுவதையும் கடகம் அணிந்த கையை நாய் கடிப்பதையும் சத்தமாகக் கேட்கவைக்கிறார். பௌத்தருக்கும் உபதேசம் உண்டு. ஆனால் உபதேசத்துக்காக அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மரணம் தவசி, செல்வன், பிள்ளை பெற்றவள், குழந்தை என்று யாரையும் பார்ப்பதில்லை என்கிற அதே காதையில், இறந்தவர்களுக்குச் சுட்ட செங்கல்லால் எழுப்பிய சின்னங்கள் நால்வருணத்துக்கும் வேறுவேறாக இருந்ததையும் பதிவுசெய்கிறார். மரணம் பேதம் பார்ப்பதில்லை, மயானம் பார்க்கிறது. இரண்டும் அவருக்குத் தெரிந்திருந்தன.

பின்னால் வந்த தமிழ் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியைத் தொலைத்துவிட்டது. 1956-இல் வந்த ‘ரம்பையின் காதல்’ படப்பாட்டு மயானத்தைச் சமத்துவ பூமியாக்கியது. சினிமாப் பாட்டை இளக்காரமாகப் பார்க்கும் நம் நவீன கவிகள் அதையே கொஞ்சம் இருண்மை கலந்து திரும்பச் சொல்கிறார்கள்.

திருநாள்கொண்டச்சேரி எங்கே இருக்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அன்றைக்கு நாகை மாவட்டம், இன்றைக்கு மயிலாடுதுறை. 2016 ஜனவரியில் அங்கே நூறு வயதை எட்டிய தலித் முதியவர் ஒருவர் இறந்தார். பொதுச்சாலை வழியே பிணம் போகக்கூடாது என்றார்கள் சாதி இந்துக்கள். அந்தச் சாலை வழியேதான் எடுத்துச்செல்ல வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நான்காம் நாள் போலீஸே உடலைக் கைப்பற்றி வேறு வழியில் கொண்டுபோய்ப் புதைத்தது. குடலின் பாக்டீரியாவுக்குச் சாதி தெரியாது என்பது வாஸ்தவம். ஆனால் அதற்கு எத்தனை நாள் அவகாசம் கொடுப்பது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. அமெரிக்காவிலிருந்து பிள்ளை வரவேண்டும் என்பதற்காக ஐஸ் பெட்டியில் காத்திருக்கிற பிணமும் இந்த டெல்டாவில் உண்டு. இரண்டு காத்திருப்பையும் ஒரே சொல்லால் எழுதுகிறவனுக்கு மொழி தெரியாது என்பேன். சம்பா நட்ட வயலில் முழங்கால் சேற்றில் இறங்கிப் பாடை தூக்கிப்போகிற சேரிகள் இங்கே இருக்கின்றன. தூக்குகிறவர்களின் தோளுக்குப் பிணத்தின் கனம் தெரியும், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை மூக்கு சொல்லும்.

2004 டிசம்பர் 26 இன்னொரு சாட்சி. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சுனாமியில் இறந்தார்கள். கடல் தாயின் துரோகம் பற்றிக் கவிதைகள் குவிந்தன. உப்பிப்போன உடல்களைத் தூக்கப் பிற ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளிகளின் கைகள் அவற்றில் எதிலாவது உண்டா? நான் பார்த்த வரையில் இல்லை. கொள்ளைநோய் வரும் என்று பயந்து, பல உடல்களை அடையாளம் காணாமலே மொத்தக் குழியில் தள்ளினார்கள். இப்படிப்பட்ட பேரழிவில் அடிபட்டும் மூழ்கியும் இறந்தவர்களின் உடல் கொள்ளைநோயைக் கிளப்பாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிணத்தைப் பற்றிய அறியாமை எத்தனையோ தாய்களிடமிருந்து கடைசி முகத்தையும் பிடுங்கிக்கொண்டது. அறியாமையைப் போற்றி வளர்க்கிற காரியத்தில் இலக்கியமும் கூட்டாளியாக இருக்கவேண்டுமா?

இது சமூகவியல், விமர்சனமல்ல என்பார்கள் நண்பர்கள். உருவம்தான் கவிதை என்று சொல்லிக்கொண்டே உருவத்தில் பொய் சொல்லலாமா என்பதே என் கேள்வி. விறைப்பு விட்டுப்போன உடலை விறைத்தது என்று எழுதுவது உருவப் பிழை. சிலர் இதைக் கேட்டதும் புழுவும் சீழுமாக நான்கு பக்கம் எழுதி அனுப்புவார்கள். அதையும் நான் கேட்கவில்லை. அருவருப்பும் சீக்கிரமே ஒரு ஜோடனை ஆகிவிடும்.

பிணம் என்று எழுதக் கை போகும்போது சில விவரங்கள் கைவசம் இருக்கட்டும். எந்த மாதம், எத்தனை மணி நேரம் ஆயிற்று, யார் தூக்கினார்கள், எந்த வழியாக. இவற்றைக் கவிதையில் சொல்ல வேண்டியதில்லை. எழுதுகிறவனுக்குத் தெரிந்திருந்தால் போதும், சொல்லில் அது இறங்கிவிடும். தேதி போடாத காசோலையை நாங்கள் கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். பத்திரிகை ஆசிரியர்களும் தேதி போடாத பிணங்களை அப்படியே திருப்பி அனுப்பலாம்.