குறிபார்க்கத் தேவையில்லாத துவக்கு

"சின்னதா ஒண்டு இருந்தாக் காணும். அஞ்சு குண்டு. குறிபார்க்கிற முள்ளும் தேவையில்லை, கிட்ட வாறவனுக்குத்தானே. இடுப்பில செருகினா ஆருக்கும் தெரியாது."

வாள்வெட்டு, வழிப்பறி என்று ஒரு செய்தி வந்தால் போதும், அடுத்த நாள் எங்கட சந்திகளில் இந்தக் கதை தொடங்கிவிடும். இருட்டினபிறகு கடையைப் பூட்டிக் காசோடு வீட்டுக்குப் போகிற அண்ணாமார் கதைப்பார்கள். லீவில் வந்து நிற்கிற வெளிநாட்டு உறவுகள் இன்னும் விபரமாகக் கதைப்பார்கள்: எந்தக் கொம்பனி, எத்தினை இஞ்சிக் குழல், சுத்தியல் வெளியில் தெரிகிற மாதிரியா, தெரியாத மாதிரியா. பக்கத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பெடியன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நிற்பான். சண்டை முடியும்போது அவன் கைக்குழந்தை. இந்த மண்ணில் துவக்கைக் கையால் தொடாமல் வளர்ந்த தலைமுறை அவனுடையது. அதை ஒரு குறையாக அவனுக்கு உணர்த்துகிற வேலையைத்தான் இந்தச் சந்திக் கதைகள் செய்கின்றன.

சட்டப்படி கிடைக்கவா போகுது, வெறும் வாய்க்கதைதானே, விடுங்கோ என்று சிலர் எங்களுக்குச் சொன்னார்கள். விட மாட்டோம். ஒரு சாமான் கைக்கு வருவதற்கு முதல் அதைப் பற்றின ஆசைதான் வருகிறது.

முதலில் சாமானைப் பற்றியே கதைப்போம். இந்தக் குட்டி றிவோல்வர் நேற்று வந்ததில்லை. அமெரிக்காவின் கோல்ட் கொம்பனியில் வேலை செய்த ஜோன் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பவர் 1920களில் பெரிய றிவோல்வர்களின் குழலை இரண்டு இஞ்சிக்குக் குறைத்தார். சுத்தியலின் கொம்பை எடுத்தார். விசைவில்லைச் சுற்றியிருக்கிற வளையத்தின் முன்பாதியையும் எடுத்தார். எல்லாம் ஒரே காரணத்துக்காக: பைக்குள்ளிருந்து இழுக்கும்போது துணியில் கொளுவக்கூடாது. 1950 இல் ஸ்மித் அண்ட் வெஸன் ஐந்து குண்டு போடுகிற சின்ன றிவோல்வரை விற்கத் தொடங்கியது. 1952 இல் சுத்தியலை முழுக்க உள்ளுக்குள் மூடி இன்னொன்று வந்தது. குழலின் நுனியில் இருக்கிற முள்ளும் துணியில் கொளுவுகிற சாமான்தான். ஆகவே அதுவும் வேண்டாம் என்கிற இடத்தில் இன்றைக்கு வந்து நிற்கிறார்கள்.

விற்கிறவர்கள் இதை வசதி என்கிறார்கள். நாங்கள் இதை ஒப்புதல் வாக்குமூலம் என்கிறோம். துவக்கின் நிறை அரைக் கிலோ அளவில். சுத்தியல் உள்ளுக்குள் இருக்கிற இந்த வகையில் ஒவ்வொரு வெடிக்கும் விசைவில்லை ஐந்து கிலோ அளவு இழுப்பில் இழுக்கவேண்டும். அரைக் கிலோச் சாமானை ஐந்து கிலோவால் இழுத்தால் அது நேராக நிற்குமா? தராசு பிடித்த எந்தக் கடைக்காரருக்கும் இது விளங்கவேண்டும். குழல் கட்டை, பிடி கட்டை, நிறை குறைவு என்பதால் வெடிக்கிற அதிர்வு முழுக்கக் கையில் இறங்கும். இதை நேராகச் சுட நல்லாப் பழகின கை வேண்டும். ஆனால் பழக்கம் இல்லாதவைக்கு லேசான துவக்கு என்றுதான் சந்தியில் இதற்கு விளம்பரம்! குறிமுள் தேவையில்லை என்பதன் உண்மையான அர்த்தம், முள் இருந்தாலும் பயந்துபோன கையால் தூரத்தில் எதிலும் படாது என்பதுதான்.

படாத குண்டு எங்கே போகும்? 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் ஒரு ஹொட்டேல் வாசலில் ஜனாதிபதி ரேகனை நோக்கி ஒருவன் சின்ன .22 றிவோல்வரால் இரண்டு செக்கனுக்குள் ஆறு தரம் சுட்டான். சில அடி தூரம். ஒன்றுகூட நேரே ரேகனில் படவில்லை. அவருடைய ஊடகச் செயலாளரின் தலையில் ஒன்று, ஒரு பொலிஸ்காரரில் ஒன்று, ஒரு மெய்ப்பாதுகாவலரில் ஒன்று. ரேகனில் பட்டது காரில் தெறித்துத் திரும்பி வந்த குண்டு. அந்த வாசலை எங்கட சந்தை என்றோ, பின்னேர பஸ் என்றோ நினைத்துப் பாருங்கள்.

இனி முக்கியமான விசயத்துக்கு வருவோம். குறிமுள் வேண்டாம் என்றால் தூரம் வேண்டாம் என்று பொருள். எதிரில் நிற்கிறவரின் முகம் தெரிகிற, கண் தெரிகிற கிட்டம். அந்தக் கிட்டத்தை யார் தெரிவு செய்கிறார்? நேரத்தைக் குறிக்கிறவர் யார்? இந்த ஒரு கேள்விக்கு "நான்" என்று மறுமொழி சொல்லக்கூடியவருக்கு மட்டுமே இந்தத் துவக்கு பிரயோசனப்படும். அவர் எப்போதும் தாக்க வருகிறவர்.

இந்த நாட்டின் சரித்திரத்தைப் பிரட்டிப் பாருங்கள். 1959 செப்டெம்பர் 25. கொழும்பு றோஸ்மீட் பிளேஸில் பிரதமர் பண்டாரநாயக்க தன்னைச் சந்திக்க வந்தவர்களை விறாந்தையில் பார்த்துக்கொண்டிருந்தார். காவியுடையோடு இருந்த தல்துவே சோமாராம தேரரைக் கும்பிட்டார். காவிக்குள் .45 வெப்லி றிவோல்வர் இருந்தது. (அது சின்னத் துவக்கில்லை, பட்டாளத்துத் துவக்கு. காவி பெரிசு, அவ்வளவுதான்.) காவலுக்கு நின்றவரிடமும் ஆயுதம் இருந்தது, அவர் சுட்டுத் தேரர் காயப்பட்டார். அதற்குள் பிரதமரின் உடம்பில் குண்டுகள் ஏறிவிட்டன. அடுத்த நாள் இறந்தார்.

1975 யூலை 27. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கும்பிட வந்தார். சுட்டவர்கள் கோயிலடியில் அவருக்காக முதலே காத்து நின்றார்கள். 1989 யூலை 13. கொழும்பு புல்லர்ஸ் வீதி வீட்டில் அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும், கதைக்க வந்திருக்கிறார்கள் என்று நம்பி மூன்று பேரை உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணியும் கொடுத்து உபசரித்தார்கள். இருவரும் அங்கேயே கொல்லப்பட்டார்கள், சிவசிதம்பரம் காயத்தோடு தப்பினார். மெய்ப்பாதுகாவலர்கள் வந்த மூவரையும் சுட்டுக் கொன்றார்கள். அதாவது பாதுகாப்புக்கு இருந்த துவக்குகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. பாதுகாக்கவேண்டியவர்கள் இறந்தபிறகு. இந்தச் சம்பவங்களில் யார் நியாயம், யார் துரோகி என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறவர்கள் உண்டு. அந்தச் சண்டையை இன்னொரு நாளைக்குப் பிடிப்போம். இங்கே நாங்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: கும்பிட்ட கை, தேத்தண்ணி கொடுத்த கை, இவைக்கு எதிராகத்தான் ஒளித்துவைத்த துவக்கு வேலை செய்திருக்கிறது.

பழங்கதை என்று நினைக்கிறவர்களுக்கு 2025 பெப்ரவரி 19. கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்துக்குள், விளக்கமறியலில் இருந்து கொண்டுவரப்பட்ட கணேமுல்ல சஞ்ஜீவ சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணி உடுப்பில் வந்தவர். றிவோல்வர் வந்தது உள்ளே குடைந்த சட்டப் புத்தகத்துக்குள். இறந்தவர் பாதாள உலகக்காரர் என்பதால் அனுதாபப்பட ஆள் குறைவு. ஆனால் அந்தக் கூண்டைச் சுற்றிச் சிறைக்காவலர், பொலிஸ் என்று எத்தினை பேர் நின்றார்கள்! ஒரு நாட்டின் நீதிமன்றத்துக்குள்ளேயே முடியாத காரியத்தை, இருட்டில் தனிய மோட்டார் சைக்கிளில் போகிற கடைக்கார அண்ணை ஐந்து குண்டோடு செய்யப் போகிறார் என்றால் அதை எப்படி நம்புவது?

"அது கொலைத் திட்டம், எங்கட கதை கள்ளனிட்ட இருந்து தப்பிறது" என்பார்கள். நல்லது, கள்ளனையே எடுப்போம். 1983 இல் டெனிஸ் டூலர் என்கிற அமெரிக்கப் பொலிஸ் பயிற்சியாளர் ஒரு கணக்குப் பார்த்தார். கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடி தூரத்தைக் கடக்க ஒன்றரைச் செக்கன் அளவுதான் எடுக்கும். பயிற்சி பெற்ற பொலிஸ்காரர் இடுப்புறையில் இருந்து துவக்கை உருவிச் சுடவும் கிட்டத்தட்ட அதே நேரம். 21 அடி என்பது எங்கட வீடுகளில் படலைக்கும் விறாந்தைக்கும் இடையில் இருக்கிற தூரம். வாளோடு வருகிறவன் படலையடியில் நின்று "அண்ணை, வாறன்" என்று சொல்லிவிட்டு வருவதில்லை. பின்னால் வந்து காலில் வெட்டுகிறான், அல்லது வண்டியை மறித்து விழுத்துகிறான். உங்கட இரண்டு கையும் ஹாண்டிலில். துவக்கு சேட்டுக்கு உள்ளே, சேட்டு மழைக்கோட்டுக்கு உள்ளே. அவன் காசை எடுப்பான், போனை எடுப்பான், துவக்கையும் எடுப்பான். அடுத்த வீட்டுக்கு அவன் வாளோடு மட்டும் போகமாட்டான்.

இன்னொரு கூட்டம் பெண்களின் பேரைச் சொல்லி வருகிறது. இதை இந்தியா ஏற்கனவே செய்து பார்த்துவிட்டது. 2012 டிசம்பர் டில்லி பஸ் கொடூரத்துக்குப் பிறகு, 2014 சனவரியில் கான்பூர் அரச ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு .32 றிவோல்வரை வெளியிட்டது. பேர் நிர்பீக், அதாவது பயமற்றது. நிறை 500 கிராம், விலை இந்தியக் காசில் 1 லட்சத்து 22 ஆயிரத்துக்கு மேல். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். இரவு பஸ்ஸில் வேலையால் வருகிற பெண்ணிடம் அந்தக் காசு இருந்தால் அவள் ஏன் அந்த பஸ்ஸில் வரப்போகிறாள்? அரசு செய்யவேண்டிய வேலையை நகைப்பெட்டியில் போட்டு அவளின் கைப்பைக்குள் தள்ளிவிட்ட கதைதான் அது.

வன்னியில் இந்த வாதம் இன்னும் பிழை. துவக்குத் தூக்கின பெண்கள் எங்கட ஒழுங்கைகளிலேயே வாழ்கிறார்கள். இன்றைக்குத் தனிய நின்று குடும்பம் நடத்துகிற அக்காமாரோடு நாங்கள் கதைத்திருக்கிறோம். துவக்கு வேணும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. லைற் வேணும், நேரத்துக்கு பஸ் வேணும், கசிப்பு நிற்கவேணும், லோன் காசு வாங்க வாறவன் பொழுதுபட்ட பிறகு வரக்கூடாது. அவர்கள் பயப்படுகிற ஆம்பிளை பெரும்பாலும் முன்பின் தெரியாதவன் இல்லை. பேர் தெரிந்தவன், சில வேளை ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவன். அந்த வீட்டுக்குள் ஒரு றிவோல்வர் வந்தால் அது யாருடைய கையில் இருக்கும்?

வீட்டுக்குள் வந்த துவக்கு என்ன செய்யும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1993 இல் ஆர்தர் கெல்லர்மனும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் செய்த ஆய்வில், துவக்கு இருக்கிற வீட்டில் கொலை நடக்கிற வாய்ப்பு மற்ற வீடுகளைவிட 2.7 மடங்கு என்று வந்தது. அந்த ஆய்வோடு துவக்குக்காரர் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் கோபத்துக்கும் கைக்கும் இடையில் தூரம் குறைந்தால் என்ன நடக்கும் என்று அறிய அமெரிக்கா போகவேண்டியதில்லை. 1967 சனவரி 12, மெட்ராஸ் இராமாவரம் தோட்டம்: கதைக்கப் போன எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் தப்பினார்கள். ஆனால் எங்கட அப்பப்பாமார் படக்கொட்டகையில் விசிலடித்துக் கேட்ட அந்தக் குரல் திரும்ப வரவே இல்லை. மடியில் துவக்கு இல்லாவிட்டால் அது இரண்டு நடிகர்களின் ஒரு நாள் வாய்த்தர்க்கமாக முடிந்திருக்கும்.

அடுத்தது, சொல்லத் தயங்கினாலும் சொல்லவேண்டியது. 1990களின் நடுவில் உலகத்தில் ஆகக்கூடிய தற்கொலை வீதம் இருந்த நாடுகளில் இலங்கை ஒன்று. 1995 இல் ஒரு லட்சம் பேருக்கு 47 அளவில். வயல் வீடுகளில் கைக்கெட்டும் இடத்தில் இருந்த பூச்சிமருந்தும் களைமருந்தும்தான் பெருங்காரணம். ஆகக்கூடிய நஞ்சு வகைகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். 2008 தொடக்கம் 2011 வரையான காலத்தில் பரகுவாட்டும் போனது. இருபது வருசத்துக்குள் அந்த வீதம் மூன்றில் இரண்டு பங்கு இறங்கியது. சனத்தின் கவலை குறைந்து இல்லை. எங்கட சனத்தின் கவலை எங்கே குறைந்தது? கெட்ட ஒரு மணித்தியாலத்தில் கைக்குக் கிட்ட அந்தச் சாமான் இல்லாமல் போனது. அந்த மணித்தியாலம் கடந்தபிறகு பலர் விடிய எழும்பி வயலுக்குப் போனார்கள். கடனும் இழப்பும் இவ்வளவு இருக்கிற மாவட்டங்களில், காப்பாற்றத் தேத்தண்ணி ஊற்றுகிற நேரம்கூடத் தராத ஒரு சாமானைத் தலையணைக்குக் கீழே வைக்கச் சொல்கிறவர்கள் இதை யோசித்தார்களா? பன்றிக்குக் கட்டின கட்டுத்துவக்கு விறகு பொறுக்கப் போனவரின் காலை எடுக்கிற செய்திகளே எங்களுக்குக் காணும்.

உரிமம் பற்றியும் இரண்டு வார்த்தை. 1916 இல் வெள்ளைக்காரன் போட்ட துப்பாக்கிச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் நடக்கிறது. வருசா வருசம் புதுப்பிக்கவேண்டும். தற்காப்பு உரிமம் பாதுகாப்பு அமைச்சின் கையில். 2024 நவம்பரில் தற்காப்புக்கென்று கொடுத்த துவக்குகள் எல்லாவற்றையும் மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்படியான உரிமம் ஸ்கந்தபுரத்து மரக்கறிக் கடைக்கு வரப்போவதில்லை. வந்தால் மண்காரனுக்கும் மரக்காரனுக்கும் முதலில் வரும். உரிமம் இல்லாமல் வாங்கினால் பெடியன் நேரே மறியலுக்கு. வெளிநாட்டிலிருந்து ஆலோசனை சொல்கிற சித்தப்பாவுக்கு ஒரு சின்ன நினைவூட்டல்: கனடாவிலேயே 2022 ஒக்டோபருக்குப் பிறகு சாதாரண ஆள் கைத்துப்பாக்கி வாங்கவும் ஏலாது, விற்கவும் ஏலாது. அங்கே கூடாதது இங்கே எப்படி நல்லதாகும், சித்தப்பா?

"அப்ப வெட்டு வாங்கிக்கொண்டு இருக்கிறதோ?" என்ற கேள்வி நியாயமானது. கடைக்கார அண்ணாமாரின் பயம் பொய்யில்லை. அதனால்தான் நாங்கள் ஒரு மனு எழுதியிருக்கிறோம். பிரதான வீதியிலும் உள்வீதிகளிலும் எரியாத லைற்றுகளின் தூண் இலக்கங்களை எங்கட பெடியளும் பிள்ளையளும் மூன்று பின்னேரம் நடந்து எழுதினார்கள். அந்தப் பட்டியலோடு ஒரு பிரதி பிரதேச சபைக்கு. முறைப்பாடு தமிழில் எழுதப்படவேண்டும், முறைப்பாட்டு இலக்கம் கையில் தரப்படவேண்டும், இரவில் போன் அடித்தால் எடுக்கவேண்டும் என்று ஒரு பிரதி பொலிசுக்கு. கடைகள் ஒரே நேரத்தில் பூட்டி, நாலைந்து பேராகச் சேர்ந்து போகிற ஒழுங்கு பற்றி வர்த்தகர்களோடு கதைக்க ஞாயிறு பின்னேரம் வாசிகசாலையில் இருக்கிறோம். குட்டி றிவோல்வர்தான் வழி என்று இன்னும் நினைக்கிறவர்களும் வரலாம். ஒரு தராசும் கொண்டு வாங்கோ.