வரிக்கு வரி நிலுவை வேண்டும்

நேரு வீதிக் கடையானாலும் பெரிய மார்க்கெட் மண்டியானாலும், பேரேட்டில் பற்று, வரவுக்குப் பக்கத்தில் நிலுவை ஓடிக்கொண்டே வரவேண்டும். கம்ப்யூட்டருக்கும் இது தெரியும். எஸ்.க்யூ.எல். மொழியின் 2003ஆம் ஆண்டுத் தரத்திலேயே 'சம் ஓவர்' என்ற வழி உண்டு. மைஎஸ்க்யூஎல்லுக்கு 2018இல்தான் வந்தது.

ஆனால் தேதியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் வந்தது வம்பு. முன்பாக்கி இல்லாதவருக்குக் காலையில் ரூ.2,000, அன்று மாலையே ரூ.3,000 கடன் கொடுத்தால், இரண்டு வரியிலும் 5,000 என்றே விழும்! பாக்கிதாரர் சண்டைக்கு வராமல் என்ன செய்வார்? தேதியோடு பதிவு எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 1 முதல் பட்டியல் எடுத்தால் முன்பாக்கி முதல் வரியில் நிற்கிறதா என்றும் பாருங்கள். இவற்றைச் செய்து காட்டிய பிறகே மென்பொருள்காரருக்கு ஆண்டுக் கட்டணம் தரலாம் என்பது நமது கருத்து.