ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்கேன் வைத்தது யார்?

நீளமான பதிவு. வீட்டிலோ கடையிலோ பள்ளியிலோ கணினி வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுக் கடந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் தங்கச்சிமடத்தில் என் பழைய மாணவன் ஒருவனின் கடைக்குப் போயிருந்தேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ரயில் டிக்கெட் எல்லாம் பார்க்கும் சின்னக் கடை. கணக்கில் தொண்ணூறுக்குக் கீழே வாங்காத பையன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். முகம்தான் சரியில்லை.

"எல்லாம் போச்சு சார்" என்றான்.

திரையைப் பார்த்தேன். டி டிரைவில் இருந்த அத்தனை கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். ரான்சம்வேர். ஆறு வருடமாக அவன் ஸ்கேன் செய்து சேர்த்து வைத்த ரேஷன் கார்டு, பாஸ்புக், மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் அதற்குள். "அசல் தொலைஞ்சாலும் தம்பி கடையில காப்பி இருக்கும்" என்று ஒரு தெருவே நம்பிக்கொண்டிருந்தது. (அடுத்தவர் ஆவணத்தை இப்படிச் சேர்த்து வைப்பது சரியா என்று கேட்பீர்கள். சரியில்லைதான். அது வேறு பதிவு.)

நான் உட்கார்ந்திருக்கும்போதே ஓர் அம்மா வந்தார். வீட்டுக்காரரின் படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. அங்கே கோர்ட்டில் படகைத் திருப்பிக் கேட்க வேண்டுமானால் உரிமையாளர் ஆவணங்களோடு நிற்க வேண்டும். அசல் படகோடு போய்விட்டது. காப்பி இவன் கணினியில். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நான்தான் சொன்னேன். முப்பத்திரண்டு வருடம் வாத்தியாராக இருந்து எத்தனையோ பெற்றோரிடம் "பையன் ஃபெயில்" என்று சொல்லியிருக்கிறேன். இது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவர் போனதும் கேட்டேன். "ஆண்டிவைரஸ் போடலையாப்பா?"

"போட்டிருக்கேன் சார். காசு குடுத்து வாங்குனது. வருஷா வருஷம் ரினியூ பண்றேன்."

உண்மைதான். மூலையில் பச்சை டிக் அடித்து உட்கார்ந்திருந்தது. உள்ளே போய் ஸ்கேன் வரலாற்றைத் திறந்தேன். கடைசியாக முழுதாக முடிந்த ஸ்கேன் பதினான்கு மாதத்துக்கு முன்னால், அதை இன்ஸ்டால் செய்த அன்றைக்கு. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஷெட்யூலைப் பார்த்தேன். தினமும் முழு ஸ்கேன், அதிகாலை 2 மணி.

இவன் கடையை இரவு ஒன்பது மணிக்கு மூடுகிறவன். மூடும்போது மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போகிறவன். உப்புக்காற்றில் வயரிங் அரித்துக்கொண்டிருக்கும் ஊரில் அப்படிச் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

என் கோபம் அந்த 2 மணியின் மேல்தான். அது யாருக்கான நேரம்? கணினி இரவெல்லாம் எரிந்துகொண்டிருக்கும் ஏதோ ஒரு பெரிய ஆபீசுக்கான நேரம். விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்புக்கும் இயல்பாக வைத்திருப்பது அதிகாலை 2 மணிதான். அது தவறினால், கணினி சும்மா இருக்கும் வேளை பார்த்துப் பிறகு செய்ய முயலும். நம்மூர் நெட் சென்டரில் கணினி எப்போது சும்மா இருக்கிறது? காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே நாலு பேர் நிற்கிறார்கள்.

ஆண்டிவைரஸைப் போட்டுக் கொடுத்த சர்வீஸ்காரர் "கடை எத்தனை மணிக்குத் திறப்பே, எத்தனை மணிக்கு மூடுவே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதைவிடப் பெரிய வேலை ஒன்று செய்துவிட்டுப் போயிருக்கிறார். போட்டோ வேலைக்காகத் திருட்டு போட்டோஷாப் போட்டிருக்கிறார். அந்த கிராக் கோப்பை ஆண்டிவைரஸ் பிடித்துப் பிடித்துத் தூக்கிப் போட்டிருக்கிறது. உடனே டி டிரைவ் முழுவதையும் "இதைப் பார்க்காதே" என்ற விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டார். காவல்காரனை வாசலில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொன்ன கதை.

ஸ்கேன் ஓடியிருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். புதிதாக வந்த ரான்சம்வேரை எந்த ஸ்கேனும் கோட்டை விடலாம். பதினான்கு மாதம் ஒரு ஸ்கேனும் ஓடவில்லை என்பதை விற்றவர், போட்டவர், பணம் கட்டியவர் ஒருத்தரும் பார்க்கவில்லையே, அதுதான் என் சண்டை.

இதில் நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. நான் வேலை பார்த்த பள்ளியில் சில வருடம் கணினி அறையின் சாவி என்னிடம் இருந்தது. ஆண்டிவைரஸ் வந்த புதிதில் ஆர்வக் கோளாறில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முழு ஸ்கேன் வைத்தேன். வாரத் தொடக்கத்தில் சுத்தமாக ஆரம்பிக்கலாம் என்று நினைப்பு. பழைய ஹார்டு டிஸ்க் மெஷின்கள் மாட்டு வண்டி மாதிரி நகர்ந்தன. செய்முறை வகுப்பில் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வாரம் நானே ஸ்கேனை நிறுத்திவிட்டேன். நேரத்தை மாற்றலாம் என்று தோன்றவே இல்லை, நிறுத்தத்தான் தோன்றியது. அந்த வருடமே ஒரு பென் டிரைவ் வழியாக ஷார்ட்கட் வைரஸ் அறை முழுக்கப் பரவி, ஃபோல்டர்கள் எல்லாம் காணாமல் போய், மதிப்பெண் பட்டியலை நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் திரும்ப அடித்தேன். 2011-இல் அரசு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. பிள்ளைகள் அதைத் தொடவே இல்லை. பென் டிரைவில் படம் மாற்றி மாற்றி, எங்கள் அறையின் வியாதி வீட்டுக்கும் வீட்டு வியாதி அறைக்குமாகப் போய்வந்தது.

"ஆண்டிவைரஸ் மெஷினை ஸ்லோ பண்ணும், எடுத்துருங்க சார்" என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான். மெதுவாக்குவது பெரும்பாலும் தப்பான நேரத்தில் ஓடும் முழு ஸ்கேன். நேரத்தை மாற்று, வகையை மாற்று.

வகை என்றால் என்ன? விரைவு ஸ்கேன், முழு ஸ்கேன் என்று இரண்டு உண்டு. விரைவு ஸ்கேன் நினைவகத்தையும், கணினி தொடங்கும்போது தானாக ஓடுபவற்றையும், வைரஸ் வழக்கமாக ஒளியும் இடங்களையும் பார்க்கும். சில நிமிடத்தில் முடியும். முழு ஸ்கேன் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்கும். மணிக்கணக்கில் போகும். கோப்பைத் திறக்கும் கணத்திலேயே பார்க்கும் நிகழ்நேரப் பாதுகாப்பு ஓடிக்கொண்டிருந்தால், தினசரிக்கு விரைவு ஸ்கேன் போதும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. நம்மூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் யாரும் படகைக் கரையேற்றிப் பலகை பலகையாகத் தட்டிப் பார்ப்பதில்லை. எஞ்சினையும் டீசலையும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்க்கிறார்கள். முழு ஸ்கேன் அந்த மாதிரி. புதிதாக ஆண்டிவைரஸ் போட்டதும் ஒரு தடவை, சந்தேகம் வந்தால் ஒரு தடவை, மாதத்துக்கு ஒரு கடை விடுமுறை நாளில் ஒரு தடவை. தினமும் முழு ஸ்கேன் வைப்பவருக்கு ஆண்டிவைரஸும் தெரியவில்லை, நம் கடையும் தெரியவில்லை.

நேரம்? கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆள் இருக்கக் கூடாது. ராமேஸ்வரத்தில் கோயிலை நம்பிக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஆண்டவனே நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார். மதியம் ஒரு மணிக்கு நடை சாத்தினால் மூன்று மணிக்குத்தான் திறப்பு. யாத்ரீகர் கூட்டம் குறையும் அந்த இடைவெளியில் ஒன்றேகாலுக்கு வையுங்கள். பள்ளி என்றால் மதிய உணவு வேளை. வீடு என்றால் சீரியல் ஓடும் நேரம். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் ஸ்கேன் தவறும். அதற்காகவே விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில், தவறிய வேலையை முடிந்த சீக்கிரத்தில் ஓட்டு என்ற பொருளில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் டிக் போடுங்கள். காசு கொடுத்து வாங்கும் பல ஆண்டிவைரஸ்களிலும் இப்படி ஒன்று இருக்கும். இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எதை வாங்குவது என்று கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள். சென்னையின் கே7 இருக்கிறது, புனேயின் குவிக் ஹீல் இருக்கிறது, வெளிநாட்டுக் கம்பெனிகள் இருக்கின்றன. விண்டோஸ் 8-இலிருந்து டிஃபெண்டர் இலவசமாகக் கூடவே வருகிறது. ஒழுங்காக அப்டேட் ஆகும் டிஃபெண்டர், விலக்குப் பட்டியலில் பாதி டிரைவைப் போட்டுவைத்த ஆயிரம் ரூபாய் ஆண்டிவைரஸைவிட எவ்வளவோ மேல். "ரெண்டும் இருக்கட்டும் சார், டபுள் பாதுகாப்பு" என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். நிகழ்நேரக் காவல் இரண்டு இருந்தால் ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டுக்கொண்டே நிற்கும், மெஷின் திணறும். பென் டிரைவை மட்டும் ஷெட்யூல் ஸ்கேன் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். டிஃபெண்டரின் முழு ஸ்கேன்கூட இயல்பாக அதைத் தொடாது. செருகியதும் ரைட் கிளிக் செய்து நீங்களே ஸ்கேன் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் கொண்டுவரும் ஒவ்வொன்றுக்கும். வரிசையில் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

ஆண்டிவைரஸே தெய்வம் என்று கும்பிடுபவர்களும் உண்டு. 2010 ஏப்ரல் 21-இல் மெக்கஃபியின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்து உலகமெங்கும் கணினிகளை முடக்கியது. 2017 மே 12-இல் வானாக்ரை வந்தபோது அடைபட வேண்டிய ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே அடைத்துக் கொடுத்திருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம். அப்டேட்டைத் தள்ளிப்போட்டவர்கள்தான் மாட்டினார்கள், பக்கத்துக் கேரளத்தின் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள் உட்பட. இன்றைக்கும் விண்டோஸ் 7 ஓடும் கடைகளை நான் இந்தத் தீவில் பார்க்கிறேன். அதற்கு ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது.

"நம்ம சின்னக் கடைக்கு எவன் வரப்போறான்" என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இதே மன்னார் வளைகுடாக் கரையில் தெற்கே இருக்கிறது கூடங்குளம். 2019 அக்டோபர் 30-இல் அணுமின் கழகம் தன் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் அமைப்பு தகவல் கொடுத்திருந்தது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்த கணினி அது, உலையின் கட்டுப்பாட்டு அமைப்போடு தொடர்பில்லாதது என்று விளக்கம் சொன்னார்கள். இருக்கட்டும். நான் கவனித்தது அந்த முதல் வார்த்தையை. நிர்வாக வேலை. கடிதம் அடிக்கும், பட்டியல் போடும் கணினி. நம் கடையில் இருப்பதும் அதுதான். அவர்களுக்குத் தகவல் சொல்ல ஓர் அமைப்பு இருந்தது. தங்கச்சிமடத்துக் கடைக்கு யார் சொல்வார்? கம்பெனியின் வேலை டிசம்பரில் ரினியூவல் எஸ்எம்எஸ் அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது.

அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கணினி வாங்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள், இல்லை, கண்டனம். எத்தனை லைசன்ஸ் என்று எண்ணிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். கடைசி ஸ்கேன் என்றைக்கு முடிந்தது என்று ஆடிட்டில் ஒரு கேள்வி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆஜர்ப் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் பையன் வகுப்பில் இருக்கிறான் என்று எந்த ஹெச்.எம்.மாவது ஒத்துக்கொள்வாரா?

பையன் கடைக்கு வருகிறேன். 1930-க்குப் போன் செய்து புகார் கொடுக்கச் சொன்னேன், கொடுத்துவிட்டான். பணம் கட்டாதே என்றேன். சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்ற அரசுத் தளத்தில் இலவசச் சுத்திகரிப்புக் கருவிகள் கிடைக்கும் என்று காட்டினேன். பூட்டிய கோப்பை அவை திறந்து தராது என்பதையும் சொல்லிவிட்டேன். டிஸ்கை அழித்து, விண்டோஸை முறையாகப் போட்டு, போட்டோ வேலைக்கு இலவச ஜிம்ப் போட்டோம். விலக்குப் பட்டியல் காலி. தினமும் மதியம் ஒன்றரைக்கு விரைவு ஸ்கேன், அவன் சாப்பிடப் போகும் நேரம். மாதத்தின் முதல் ஞாயிறு முழு ஸ்கேன். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி, காப்பி எடுத்ததும் பிடுங்கி பீரோவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். செருகியே வைத்திருந்தால் அடுத்த தடவை அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

சர்வீஸ்காரரிடமும் பேசினேன். "எல்லாருக்கும் அப்படித்தான் சார் வைப்போம்" என்றார்.

அந்த அம்மாவுக்குப் படகுப் பதிவுச் சான்றின் நகல் கேட்டு மீன்வளத் துறைக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையால்தான் எழுதினேன். திங்கட்கிழமை அவரோடு நானும் ராமநாதபுரம் போகிறேன். அந்தப் பக்கம் கடை வைத்திருக்கும் பழைய மாணவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மதியம் வந்து உங்கள் ஸ்கேன் வரலாற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன். டீ மட்டும் போதும்.