முதலாளியே ரோட்டுல உட்கார்ந்த கதை

பி.காம். படிக்கிற நம்ம ஆளுங்களுக்குத் தெரியும், மேனேஜ்மென்ட் பேப்பர்ல டெய்லர் இல்லாம கேள்வித்தாளே கிடையாது. பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியில ஒரு ஆள் ஒரு நாளைக்கு 12.5 டன் இரும்பு தூக்கிட்டு இருந்தாராம். டெய்லர் வந்து முறை சொல்லிக் கொடுத்ததும் 47.5 டன் தூக்கினாராம். கூலி 1.15 டாலர்ல இருந்து 1.85 ஆச்சாம். இரண்டு பக்கமும் லாபம், அஞ்சு மார்க்.

எவனாவது வகுத்துப் பார்த்தோமா? முன்னாடி டன்னுக்கு 9.2 சென்ட். அப்புறம் 3.9 சென்ட். லாபம் யாருக்குன்னு கால்குலேட்டரே சொல்லிடும் :-)

கார்னெகி பெரிய வள்ளல், ஊர் ஊரா லைப்ரரி கட்டினார்னு எல்லாருக்கும் தெரியும். 1892-ல ஹோம்ஸ்டெட்ல இருந்த அவரோட ஆலைக்கு 300 பிங்கர்ட்டன் அடியாட்கள் படகுல வந்து இறங்கப் போய், இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தது தெரியாது. அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது புல்மேன் பற்றி.

ரயில் பெட்டி செஞ்சு பணக்காரரான ஜார்ஜ் புல்மேன், சிகாகோ பக்கத்துல தன் பெயர்லயே ஒரு ஊர் கட்டினார். வீடு, கடை, சர்ச் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். தொழிலாளி அங்கே வாடகைக்கு இருக்கணும். 1893-ல தொழில் படுத்ததும் கூலியை வெட்டினார், வாடகையை மட்டும் ஒரு சென்ட் குறைக்கலை. 1894-ல ஸ்டிரைக் வெடிச்சது, ராணுவம் வந்து அடக்கினாங்க. ஆனா 1898-ல இல்லினாய் உச்ச நீதிமன்றம், ரயில் பெட்டி செய்யற கம்பெனிக்கு ஊரை வச்சுக்க அதிகாரம் இல்லை, வித்துடுன்னு சொல்லிடுச்சு.

இப்ப சிகாகோவை விட்டுட்டு போடிமெட்டு ஏறுவோம். ஏறி, பூப்பாறை தாண்டிப் போனா மூணாறு. ஒரு காலத்துல அந்தத் தேயிலைப் பெட்டியெல்லாம் டாப் ஸ்டேஷன்ல இருந்து ரோப்வேயில கொட்டக்குடிக்கு இறங்கி, நம்ம போடி வழியாத்தான் போச்சு. அங்கே கொழுந்து கிள்ளுறவங்க பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள்.

2005-ல டாடா டீ அந்த எஸ்டேட்டுகளை கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ்னு ஒரு புதுக் கம்பெனிக்கு மாத்திக் கொடுத்தது. ஊழியர்கள் சுமார் 12,700 பேர், பெரும்பான்மைப் பங்கு அவங்க கையில. கொழுந்து கிள்ளுற அக்காவும் ஷேர்ஹோல்டர்! தொழிலாளர் பங்கேற்புக்கு இதைவிட அழகான உதாரணம் புக்ல கிடைக்காது.

பத்து வருஷம் கழிச்சு, 2015 செப்டம்பர்ல, அந்த "முதலாளிகள்" ஆயிரக்கணக்குல வந்து மூணாறு ரோட்டை மறிச்சு உட்கார்ந்தாங்க. முந்தின வருஷம் 19 சதவீதம் இருந்த போனஸை 10 ஆக்கிட்டாங்க. லாபம் குறைஞ்சிடுச்சுன்னு காரணம். புல்மேனும் அதையேதான் சொன்னார். பெண்கள் ஒற்றுமைன்னு அர்த்தம் வர்ற "பெம்பிளை ஒருமை"ங்கிற பெயர்ல திரண்டவங்க, தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்துல விடலை. ஆம்பளைங்களையும் தள்ளி நிற்கச் சொல்லிட்டாங்க. ஒன்பதாம் நாள் 20 சதவீதம் வாங்கிட்டுத்தான் எழுந்தாங்க.

பங்கு இருந்தும் ரோட்டுலதான் பேச முடிஞ்சதுன்னா, அந்தப் பங்குக்குப் பேர் என்ன? டிவிடெண்ட் வரும், குரல் வராது. போனஸ் எவ்வளவுன்னு முடிவாகிற ரூம்ல கொழுந்துக் கூடை இருந்ததா?

அடுத்தது கூலி. 500 கேட்டாங்க. அக்டோபர்ல 232 ரூபாய் 301 ஆச்சு. ஆனா ஒரு நாளைக்குக் கிள்ள வேண்டிய குறைந்தபட்சக் கொழுந்து 21 கிலோவுல இருந்து 25 ஆச்சு. பழையபடி வகுங்க. கிலோவுக்கு 11.05 ரூபாய் இருந்தது 12.04. ஏறினது 99 காசு. டெய்லர் சாகலை.

"வீடு சும்மா கொடுக்கிறாங்களே, ஆஸ்பத்திரி இருக்கே"ன்னு கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். எங்க பெரியம்மா மலைமேல ஒரு எஸ்டேட்ல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவங்க (பெயர் வேண்டாம்). ரிடையர் ஆனதும் லயத்தைக் காலி பண்ணணும். கையில வந்த கிராஜுவிட்டியில போடியில ஒரு வீடு அட்வான்ஸ் போட்டதோட சரி. "லயத்துல பொண்ணு யாராவது வேலைக்குப் பேர் கொடுத்திருந்தா இருந்திருக்கலாம்டா"ன்னு இப்பவும் சொல்வாங்க. அதாவது வீடு வேணும்னா அடுத்த தலைமுறையையும் கூடையோட அனுப்பணும். எதிர்த்துப் பேசறதுக்கு முன்னாடி யாருக்கும் சட்டி பானை ஞாபகம் வராதா? வாடகை வாங்காத புல்மேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில மலை சரிஞ்சு லயங்கள் மேல விழுந்து 70 பேர் போனாங்க. எங்கே வீடு கட்டிக்கிறதுங்கிறதை அவங்க யாரும் முடிவு பண்ணலை. தோட்டத்துக்குத் தோதா இருந்த இடத்துல, என்றைக்கோ கட்டிக் கொடுத்தது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு கொடுக்க வேண்டியது முதலாளி பொறுப்புன்னு சொன்னது. வேலை முடிஞ்ச பிறகும் அது அவங்க வீடுன்னு சொல்லலை. இல்லினாய்ல 1898-லயே ஒரு கோர்ட்டுக்குத் தோணினது இங்கே இன்னும் யாருக்கும் தோணலை.

செமஸ்டர்ல தொழிலாளர் பங்கேற்பு பற்றி பத்து மார்க் கேள்வி நிச்சயம் வரும். நான் இதைத்தான் எழுதப் போறேன். அரியர் விழுந்தா பெரியம்மா வீட்டுல வந்து உட்கார்ந்து படிச்சுக்கறேன். அட்வான்ஸ் இன்னும் பாக்கி இருக்கு.