பியானோவைப் பூட்டியவர்களுக்கு



நம் மாவட்டத்துச் சபை ஒன்றில், பாடகர் குழுப் பயிற்சி முடிந்தபின் வாலிபத் தம்பி ஒருவர் பியானோவில் 1932-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பாட்டொன்றை வாசித்தார். ‘பிரதர், கேன் யூ ஸ்பேர் எ டைம்’ என்பது அதன் பெயர். மூப்பர் ஒருவர் வந்து, “இது உலகப் பாட்டு” என்று மூடியைச் சாத்தினார். இப்போது அந்தப் பியானோ பூட்டிக் கிடக்கிறது.

எது உலகப் பாட்டு? 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. 1933-இல் அந்நாட்டுத் தொழிலாளரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. மின்சாதன வியாபாரத்தில் நொடித்துப்போன யிப் ஹார்பர்க் அதன் வரிகளை எழுதினார். ஜே கார்னி, தாம் சிறுவயதில் கேட்ட ருஷ்யத் தாலாட்டிலிருந்து மெட்டமைத்தார். இரயில் பாதையும் கோபுரமும் கட்டியவன், போருக்குப் போய்த் திரும்பியவன், தெருவில் நின்று சில்லறை கேட்கிறான். அவன் குரலில் கெஞ்சல் இல்லை. தன் உழைப்பு எங்கே போயிற்று என்னும் திகைப்பே இருக்கிறது. யாக்கோபு நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் கூக்குரலிடும் கூலியை அறிந்த நமக்கு இது அந்நியமா? மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோன வீட்டாருக்கும், முந்திரி ஆலை மூடிய வாரத்தில் காணிக்கைப் பைக்கு முன் தலைகுனியும் சகோதரிக்கும் இது அந்நியமா?

ஆலயக் கருவியின் பரிசுத்தம் கெடும் என்கிறீர்கள். கல்யாண ஆராதனையில் கீபோர்டில் சினிமாத் தாளம் அதிரும்போது இந்தப் பரிசுத்தம் எங்கே ஒளிந்துகொள்கிறதோ! வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளுக்கு எடுத்த ராகங்கள் அரசவையிலும் கோயிலிலும் ஒலித்தவையே. ‘ஜார்ஜியா டாம்’ என்னும் பெயரில் 1928-இல் கொச்சையான ப்ளூஸ் பாட்டால் புகழ்பெற்ற பியானோக் கலைஞர் தாமஸ் டார்சி, 1932-இல் பிரசவத்தில் மனைவியையும் சிசுவையும் இழந்தார். அந்தத் துக்கத்தில்தான் ‘பிரெஷஸ் லார்ட்’ பிறந்தது. அவருடைய இசைக்கும் தொடக்கத்தில் பல சபைகள் கதவடைத்தன. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அடக்க ஆராதனையில் மஹாலியா ஜாக்சன் பாடியது அவர் பாட்டைத்தான்.

திருவிருந்து வேளையில் அந்த அமெரிக்கப் பாட்டை வாசிக்கவேண்டும் என்று நான் வாதிடவில்லை. அதற்குப் பாமாலை உண்டு. பயிற்சி முடிந்த மாலையில், வெறுமையான ஆலயத்தில், வேலை தேடி அலையும் ஒரு பட்டதாரிப் பிள்ளை தன் மனத்தை எந்த மெட்டில் இறக்கிவைக்கவேண்டும் என்பதையும் கமிட்டிதான் தீர்மானிக்குமோ?

அந்தத் தம்பி கடந்த இரண்டு ஞாயிறுகளாக ஆராதனைக்கு வரவில்லை. சாவி கமிட்டியாரின் மேசையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, மூப்பரே அவர் வீட்டுக்குப் போகட்டும்.