கசப்பும் பிள்ளைகளுக்கு உரியதே



விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஐம்புலன்களைக் கற்பிக்கும் நாளில், சுவைக்கென்று ஒரு படம் சுவரில் தொங்கும். நாவின் நுனியில் இனிப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும், உட்பகுதியில் கசப்பு என்று அதில் வண்ணம் தீட்டியிருக்கும். அந்தப் படத்தைக் கழற்றிவிடுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 1901-ல் ஹேனிக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் கண்டவை நாவின் பகுதிகளுக்கிடையே உள்ள மிகச் சிறிய வேறுபாடுகளே. பின்வந்தவர்கள் அவற்றை எல்லைக்கோடுகளாக்கிவிட்டார்கள். நான்கு வயதுப் பிள்ளை ஒரு கல் உப்பை நாவின் நுனியில் வைத்தாலே அந்தப் படம் பொய்யென்று விளங்கிவிடும்.

படத்தைக் கழற்றுவது எளிது. வீட்டில் நாம் நடத்தும் பாடத்தைத் திருத்துவதுதான் கடினம். "பாகற்காயைச் சாப்பிட்டால் சாக்லேட் தருவேன்" என்கிறோம். பாகற்காய் தண்டனை, சாக்லேட் வெகுமதி என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. வேறு சிலர், வாயில் வைக்குமுன்பே "அது கசக்கும், உனக்கு வேண்டாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

கைக்குழந்தை கசப்புக்கு முகம் சுளிப்பது அடம் அன்று. நச்சுத் தாவரங்களினின்று அதைக் காப்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. இனிப்பை அறிவதற்கு நாவில் முக்கியமாக ஒரே வகை உணர்வி இருக்க, கசப்பை அறிவதற்கோ சுமார் 25 வகைகள் உள்ளன. சிருஷ்டிகர் இத்தனை நுட்பமாக அமைத்த ஒன்றைச் சர்க்கரையால் மூடி மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வற்புறுத்தவும் வேண்டாம். விரல்நுனி அளவு கொடுங்கள், துப்பினால் துப்பட்டும், சில நாள் கழித்து மறுபடியும் கொடுங்கள். எட்டு, பத்து முறை சுவைத்த பின்னரே ஒரு காயை ஏற்கும் பிள்ளைகள் பலர்.

பஸ்கா இரவை எண்ணிப் பாருங்கள். புசிக்கும்படி கட்டளையிடப்பட்டவற்றில் கசப்பான கீரையும் இருந்தது. பிள்ளைகளுக்கென்று தனிப் பந்தி வைக்கப்படவில்லை. இந்த ஆராதனையின் பொருள் என்னவென்று பிள்ளைகள் கேட்பார்கள் என்று யாத்திராகமம் 12-ஆம் அதிகாரம் எதிர்பார்க்கிறது. இன்றும் யூதக் குடும்பங்களில் அவ்விரவு இளைய பிள்ளை கேள்வி கேட்பது வழக்கம். அடிமைத்தனத்தின் கசப்பு அவர்கள் நாவின் வழியாகவும் கற்பிக்கப்படுகிறது.

நமக்கு இன்னொரு செல்வமும் உண்டு: அறுசுவைக்கும் தமிழில் பெயர்கள் இருக்கின்றன. இந்நாளைய அறிவியல் கார்ப்பை எரிவு என்றும், துவர்ப்பை வாயை உலர்த்தும் தொடுவுணர்வு என்றும் பிரித்துச் சொல்லும். அந்த வழக்கு பெரியவர்களோடு இருக்கட்டும். நம் பிள்ளைகளில் அநேகருக்கு "நல்லா இருக்கு", "நல்லா இல்லை" என்ற இரண்டே சொற்கள்தாம் தெரியும். நாவற்பழம் தின்ற பிள்ளையிடம் துவர்ப்பு என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். வாழைப்பூவை உண்ணும்போது அதுவே அச்சொல்லைத் தேடி எடுக்கும்.

பிறந்தநாள் காணும் பிள்ளை ஆராதனைக்குப்பின் மிட்டாய் பகிர்வதை நான் தடுக்கவில்லை. மனப்பாட வசனம் சொன்னதற்கு மிட்டாய் கொடுப்பதை மட்டும் ஞாயிறு பள்ளி நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. வசனத்துக்கு அந்தக் கூலி தேவையில்லை. இதில் சில ஆசிரியர்களுக்கு வருத்தம் இருப்பதை அறிவேன், பேசுவோம்.

வரும் ஞாயிறு சுவைப் பாடத்துக்கு நெல்லிக்காய் கொண்டுவாருங்கள். கொட்டையை நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கியிருக்கட்டும். ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்குத் தேன் தொட்டுக் கொடுக்கவே வேண்டாம். அது மருத்துவர்களின் எச்சரிக்கை. நெல்லிக்காயை மென்ற வாய்க்குத் தண்ணீர் இனிக்கும். அதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். செம்புகளில் தண்ணீர் மட்டும் ஆயத்தமாக இருக்கட்டும்.